காசு காசாகச் சேர்த்துக் கட்டிய மேடை ஒரு நாட்டையே பெற்றெடுத்த கதை தெரியுமா?

நாடுகள் போர்க்களத்தில் பிறக்கும், நாடாளுமன்றத்தில் பிறக்கும் என்று படித்திருக்கிறோம். நாடகக் கொட்டகையில் பிறந்த நாடு ஒன்று உண்டு, தெரியுமா? சொந்த அரசு கிடையாது. சொந்தப் படை கிடையாது. தலைநகரம் பிராகிலேயே அலுவலகத்திலும் கல்லூரியிலும் ஜெர்மன் மொழிதான். ஆட்சியோ வியன்னாவில் இருக்கும் ஹாப்ஸ்பர்க் பேரரசர் கையில். இப்படிப்பட்ட நிலையில் செக் மக்கள் முதலில் தங்களுக்கென்று ஒரு மேடையைக் கட்டிக்கொண்டார்கள். நாடு பின்னால் வந்து சேர்ந்தது! இருநூறு ஆண்டுகள் நீளும் அந்த அதிசயத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

1. எல்லாம் தொடங்கியது ஒரு பலகைக் கொட்டகையில்!

பிராகின் நடுவே இன்று வென்ஸஸ்லாஸ் சதுக்கம் இருக்கிறதே, அந்தக் காலத்தில் அது குதிரைச் சந்தை. 1786-ல் அங்கே மரப்பலகை அடித்து ஒரு நாடகக் கொட்டகை எழுப்பினார்கள். 'தேசபக்த அரங்கு' என்று பெரிய பெயர் இருந்தாலும், ஜனங்கள் அதைக் 'குடிசை' என்றே கூப்பிட்டார்கள். செக் மொழி நாடகங்கள் அங்கே நடந்தன. பேரரசர் இரண்டாம் ஜோசப்பே நேரில் வந்து பார்த்தார்! மூன்றே ஆண்டில், 1789-ல், கொட்டகை இடிபட்டது. ஆனால் தங்கள் பேச்சைத் தங்கள் காதால் மேடையில் கேட்ட ருசி போகுமா? போகவில்லை.

2. மோட்சார்ட்டுக்கு மாலை, செக் மொழிக்குப் பிற்பகல்!

நகரத்தின் பெரிய அரங்கு 1783-ல் திறந்த எஸ்டேட்ஸ் அரங்கு. 1787 அக்டோபர் 29 அன்று மோட்சார்ட்டின் 'டான் ஜியோவான்னி' உலகிலேயே முதல்முறையாக அரங்கேறியது இங்கேதான், அவரே நடத்த! ஆனால் அதே மேடையில் செக் நாடகங்களுக்குக் கிடைத்த நேரம் என்ன தெரியுமா? ஞாயிறும் விடுமுறையும் வந்தால் பிற்பகலில் கொஞ்ச நேரம். மாலை விளக்கேற்றும் நேரத்தில் மேடை ஜெர்மன் குழுவுக்குப் போய்விடும். சொந்த ஊரில் மிச்ச நேரத்தில் நாடகம் போட வேண்டிய நிலை! 'நமக்கென்று ஒரு அரங்கு' என்ற ஏக்கம் எங்கிருந்து பிறந்தது என்று இப்போது புரிகிறதா?

3. தோற்றுப்போன நாடகத்திலிருந்து வந்தது தேசிய கீதம்!

1834 டிசம்பர் 21. எஸ்டேட்ஸ் அரங்கில் 'ஃபிட்லோவச்கா' என்ற செக் நாடகம். பிராகில் செருப்புத் தைப்பவர்கள் கொண்டாடும் வசந்தத் திருவிழாதான் கதைக்களம். எழுதியவர் யோசப் கயேதான் டில், இசையமைத்தவர் ஃபிரான்டிஷெக் ஷ்க்ரௌப். நாடகம் எடுபடவில்லை. ஒன்றிரண்டு காட்சிகளோடு சுருட்டி வைத்துவிட்டார்கள்.

ஆனால் நடுவில் பார்வையற்ற பிடில்காரர் ஒருவர் வருவார். அந்த வேடத்தில் கரெல் ஸ்ட்ரகட்டி என்ற பாடகர் ஒரு பாட்டுப் பாடினார். தன் வீடு எது என்று கேட்டு, நீரோடையையும் பைன் மரங்களையும் பூத்துக் கிடக்கும் தோட்டத்தையும் காட்டும் பாட்டு. வாள் இல்லை, ரத்தம் இல்லை, எதிரி என்று எவருமே இல்லை! நாடகத்தை மறந்த ஊர் பாட்டை விடவில்லை. 1918-ல் செக்கோஸ்லோவாக்கியா பிறந்தபோது அதுவே தேசிய கீதத்தின் முதல் பாதியானது. மறு பாதி ஒரு ஸ்லோவாக் பாட்டு. 1993-ல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது கீதமும் பிரிந்தது. இன்று ஒலிம்பிக்கில் செக் வீரர் தங்கம் வென்றால் ஒலிப்பது அந்தப் பிடில்காரரின் பாட்டுதான்!

4. ஊர் ஊராக மொழியைச் சுமந்தவை மரப்பொம்மைகள்!

தலைநகரத்தில் இந்தப் போராட்டம் என்றால் கிராமங்களில்? அங்கே மத்யேய் கொபெட்ஸ்கி போன்ற பொம்மலாட்டக்காரர்கள் இருந்தார்கள். வண்டியில் குடும்பத்தையும் பொம்மைகளையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ச் செக் மொழியில் கதை சொன்னார்கள். செக், ஸ்லோவாக் பொம்மலாட்டத்தை 2016-ல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

5. ஒரு அரங்குக்கு நாடு முழுவதிலிருந்தும் அடிக்கல்!

1845-ல் வரலாற்றாசிரியர் ஃபிரான்டிஷெக் பலாட்ஸ்கி ஒரு மனு கொடுத்தார்: செக் மக்களுக்கென்று தனி அரங்கு கட்ட உரிமை வேண்டும். உரிமை கிடைத்தது. 1851-ல் பொதுமக்களிடம் நிதி கேட்டு அறிவிப்பு வந்தது. மறு ஆண்டே வல்தவா ஆற்றங்கரையில், பழைய உப்புக் கிடங்கு இருந்த இடத்தை வாங்கினார்கள்.

1868 மே 16, அடிக்கல் நாட்டு விழா. எத்தனை அடிக்கல் என்று நினைக்கிறீர்கள்? ஒன்றா? செக் மக்கள் வாழும் பொஹீமியாவிலிருந்தும் மொராவியாவிலிருந்தும் குவிந்துவிட்டன! செக் இனத்தின் ஆதித் தந்தை ஏறி நின்று இந்த நிலத்தைப் பார்த்தார் என்று புராணம் சொல்லும் ர்ஷீப் மலையிலிருந்து ஒரு கல். நாட்டுக்கு ஆபத்து வந்தால் புறப்பட்டு வரக் காத்திருக்கும் வீரர்கள் உறங்குவதாக நம்பப்படும் ப்ளானிக் மலையிலிருந்து ஒரு கல். மொராவியாவின் ராத்ஹோஷ்ட் மலையிலிருந்து ஒரு கல். அலங்கரித்த வண்டிகளில், வழியெல்லாம் ஜனங்கள் கூடி நிற்க, கற்கள் பிராகுக்கு ஊர்வலம் வந்தன. அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன செக் மக்கள்கூட சிகாகோவிலிருந்து ஒரு கல் அனுப்பினார்கள்! ரத்தம் சேர்த்ததைக் கடல் பிரிக்காது என்ற பொருளில் அதில் வாசகம் பொறித்திருக்கிறது.

இந்தக் கற்களை இன்றும் பார்க்கலாம். அரங்கைச் சுற்றிக்காட்டுபவர்கள் உங்களை அடித்தளத்துக்கு அழைத்துப் போவார்கள். ஒவ்வொரு கல்லிலும் அது எந்த ஊர்க் கல் என்று எழுதியிருக்கும். ஒரு நாட்டின் நிலப்படமே ஒரு கட்டடத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது!

6. வயோலா வாசித்தவர் யார் தெரியுமா?

பெரிய அரங்கு முடியும்வரை சும்மா இருக்க முடியுமா? அதே மனையில் 1862-ல் ஒரு தற்காலிக அரங்கைக் கட்டிவிட்டார்கள். சின்ன மேடை, நெருக்கடியான இடம். ஆனால் அங்கே இசைக்குழுவில் வயோலா வாசித்துக்கொண்டிருந்த இளைஞர் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற அன்டோனின் த்வோர்ஷாக்! 1866 முதல் இசைக்குழுவை நடத்தியவர் பெத்ரிக் ஸ்மெதானா. அவருடைய 'விற்கப்பட்ட மணமகள்' இசைநாடகம் 1866 மே 30 அன்று அரங்கேறியதும் இங்கேதான். அந்தத் தற்காலிக அரங்கை இடிக்கவும் இல்லை. பிறகு எழுந்த தேசிய அரங்குக்குள்ளேயே அதைச் சேர்த்துக் கட்டிவிட்டார்கள்!

7. தன் இசைநாடகத்தின் ஒரு சுரத்தைக்கூடக் கேட்காத இசைமேதை!

ஸ்மெதானா 1872-ல் 'லிபுஷெ' என்ற இசைநாடகத்தை எழுதி முடித்தார். பிராகின் எதிர்காலப் பெருமையை முன்கூட்டியே கண்டு சொன்னதாகக் கதைகளில் வரும் இளவரசிதான் நாயகி. நாடெங்கும் மகிழும் ஒரு திருநாளில்தான் இதை மேடையேற்ற வேண்டும் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தார். ஒன்பது ஆண்டு! 1881 ஜூன் 11 அன்று தேசிய அரங்கு திறந்தபோது 'லிபுஷெ'தான் முதல் நிகழ்ச்சி.

ஆனால் இடையில் 1874-ல் ஸ்மெதானாவுக்குக் காது முற்றிலும் கேட்காமல் போய்விட்டது. அரங்கமே எழுந்து ஆரவாரித்த அந்த இரவில் அவர் காதில் எதுவுமே விழவில்லை. நெஞ்சு கனக்கிறது அல்லவா? இன்று செக் ஜனாதிபதி அரசு விழாவுக்கு வரும்போது முழங்குவது அதே 'லிபுஷெ'யின் எக்காள ஒலிதான்.

8. எரிந்தது ஒரு மாலையில்... காசு சேர்ந்தது 47 நாளில்!

இனித்தான் உச்சக்கட்டம்! பட்டத்து இளவரசர் ருடால்ஃபின் வருகைக்காக அவசரமாகத் திறந்த கட்டடம் அது. வேலை முழுதாக முடியவில்லை. சில நிகழ்ச்சிகளோடு மூடி, மிச்ச வேலையைத் தொடர்ந்தார்கள். 1881 ஆகஸ்ட் 12. கூரைமேல் தொழிலாளர்கள் இடிதாங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே பற்றிய தீ சரசரவென்று இறங்கியது. செம்புக் குவிமாடம் விழுந்தது. மேடை போயிற்று. பார்வையாளர் கூடம் போயிற்று. ஃபிரான்டிஷெக் ஸெனிஷெக் பார்த்துப் பார்த்துத் தீட்டிய திரை சாம்பலாயிற்று. முப்பது ஆண்டுகளாகச் சேர்த்த காசு ஒரே மாலையில் புகையாகப் போனது!

வேறு யாராக இருந்தாலும் இடிந்து உட்கார்ந்திருப்பார்கள். செக் மக்கள் என்ன செய்தார்கள்? மறுபடி உண்டியலைக் கையில் எடுத்தார்கள்! ஏழை எளியவர் கொடுத்தார்கள். சீமான்கள் கொடுத்தார்கள். பேரரசரும் கொடுத்தார். 47 நாட்கள்தான். பத்து லட்சம் குல்டன் சேர்ந்துவிட்டது! யோசப் சீடெக் வடிவமைத்த கட்டடத்தை அவருடைய மாணவர் யோசப் ஷூல்ஸ் முடித்துக் கொடுத்தார். அதே ஆண்டு டிசம்பரில் வியன்னாவின் ரிங் அரங்கிலும் பெருந்தீ, நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அரங்கப் பாதுகாப்பு என்றாலே ஐரோப்பா முழுவதும் பதறிய காலம் அது. பிராகில் புதிய மேடை இரும்புக் கட்டுமானத்தோடும் மின்விளக்கோடும் எழுந்தது. 1883 நவம்பர் 18 அன்று கதவு திறந்தது. முதல் நிகழ்ச்சி? வேறென்ன, மறுபடியும் 'லிபுஷெ'!

9. மேடைக்கு மேலே இரண்டே சொற்கள்!

தேசிய அரங்கில் உட்கார்ந்து நிமிர்ந்து பாருங்கள். மேடை வளைவுக்கு மேலே பொன்னெழுத்தில் இரண்டே சொற்கள்: 'தேசம் தனக்கே.' மன்னர் பெயர் இல்லை, கொடையாளர் பட்டியல் இல்லை! வொய்தெக் ஹினைஸ் தீட்டிய புதிய திரையில் என்ன காட்சி தெரியுமா? ஜனங்கள் அரங்குக்காகக் காணிக்கை கொண்டுவருகிறார்கள், கலைஞர்கள் கட்டுகிறார்கள். நிகழ்ச்சி தொடங்குமுன் பார்வையாளர்கள் பார்ப்பது தங்கள் பாட்டன் பூட்டன் செய்த வேலையைத்தான். இந்த அரங்கைப் பார்ப்பதற்காகவே கிராமங்களிலிருந்து தனி ரயில்கள் விட்டார்கள்!

10. போட்டிக்குப் போட்டி!

செக் அரங்கைப் பார்த்த பிராக் ஜெர்மானியர்கள் தாங்களும் பணம் திரட்டினார்கள். 1888 ஜனவரி 5 அன்று அவர்களுடைய புதிய ஜெர்மன் அரங்கு வாக்னரின் இசைநாடகத்தோடு திறந்தது. இன்று அதுதான் பிராக் ஸ்டேட் ஆபரா. நான்கு ஆண்டு கழித்து, 1892-ல், வியன்னாவில் சர்வதேச இசை, நாடகக் கண்காட்சி. பிராக் தேசிய அரங்குக் குழு 'விற்கப்பட்ட மணமகள்' போட்டது. பேரரசின் தலைநகரமே கைதட்டி எழுந்தது!

11. சுதந்திரத்துக்கு எழுத்து மேடையிலிருந்து வந்தது!

முதல் உலகப் போர் நடுவே, 1917 மே மாதம், செக் எழுத்தாளர்கள் 222 பேர் கையெழுத்திட்ட அறிக்கை வெளியானது. வியன்னா நாடாளுமன்றத்தில் இருந்த செக் உறுப்பினர்களைத் தம் மக்களுக்காக நிமிர்ந்து நில்லுங்கள் என்று தட்டியெழுப்பிய அறிக்கை. எழுதியவர் யார்? தேசிய அரங்கின் நாடக இயக்குநர் ஜாரோஸ்லாவ் க்வாபில்! மறு ஆண்டு மே மாதம் அரங்குக்கு அடிக்கல் நாட்டிய 50-ஆம் ஆண்டு விழா. நாடக விழாதானே என்று நினைத்தால், தெருவெல்லாம் மக்கள் வெள்ளம். அதே 1918 அக்டோபர் 28 அன்று சுதந்திரம் அறிவித்தாயிற்று.

12. வென்றவர்கள் செய்த தவறும் உண்டு!

1920 நவம்பர் 16 அன்று செக் கூட்டம் ஒன்று எஸ்டேட்ஸ் அரங்கைப் பலவந்தமாகப் பிடித்தது. ஜெர்மன் குழு வெளியேற்றப்பட்டது. அன்று மாலையே அங்கே செக் நிகழ்ச்சி! நாட்டின் முதல் ஜனாதிபதி மசாரிக் இந்த அத்துமீறலை ஏற்கவில்லை. அந்த அரங்கை அவர் புறக்கணித்தார். சொந்த மேடைக்கு ஏங்கியவர்களே அடுத்தவர் மேடையைப் பறிப்பதா? நாட்டைக் கட்டிய தலைவரே தன் மக்களுக்கு எல்லை காட்டினார். அந்தக் கண்ணியத்தையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

13. நாஜிகள் பயந்தது எதைக் கண்டு?

1938 இறுதியில் நகைச்சுவை நடிகர்கள் வொஸ்கொவெட்ஸ், வெரிஹ் இருவரின் 'விடுதலை அரங்கு' மூடப்பட்டது. ஹிட்லரைச் சிரித்தே கிழித்த ஜோடி அது. அமெரிக்காவுக்குத் தப்பிப் போனார்கள். நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் 'லிபுஷெ' மேடையேற முடியவில்லை. 1942-ல் நாஜி அதிகாரி ஹைட்ரிஹ் கொல்லப்பட்டதும் கொடுமை உச்சத்துக்குப் போனது. ஜூன் 24 அன்று செக் நாடகக் கலைஞர்களை அதே தேசிய அரங்கில் கூட்டி, விசுவாச உறுதிமொழி எடுக்க வைத்தார்கள். தேசம் தனக்கே என்று எழுதியிருந்த வளைவுக்குக் கீழே!

நடிகை அன்னா லெதென்ஸ்காவின் கதையைக் கேளுங்கள். ஹைட்ரிஹ் மீதான தாக்குதலுக்கு உதவியவர் ஒருவருக்குக் கைகொடுத்ததில் அவருடைய கணவர் மாட்டிக்கொண்டார். அப்போது லெதென்ஸ்கா ஒரு நகைச்சுவைப் படத்தில் நடித்துக்கொண்டிருந்தார். படம் முடியட்டும் என்று விட்டுவைத்தார்கள். கணவர் சிறையில் இருக்க, கேமரா முன்னால் சிரித்து நடித்து முடித்தார். பிறகு கைது. 1942 அக்டோபர் 24 அன்று மௌட்ஹவுசன் முகாமில் கொன்றார்கள். அந்தப் படம் இன்றும் இருக்கிறது. அந்தச் சிரிப்பும் இருக்கிறது.

14. வரவேற்பறையில் மேக்பெத்!

கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில், 1968-ல் சோவியத் டாங்கிகள் நுழைந்த பிறகு பல கலைஞர்களுக்கு மேடை ஏறத் தடை. நடிகை விளாஸ்டா க்ரமோஸ்டோவா என்ன செய்தார் தெரியுமா? வீட்டையே அரங்காக்கினார்! 1978-ல் எழுத்தாளர் பாவெல் கொஹௌட் ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்'தை 75 நிமிடமாகச் சுருக்கினார். ஐந்தே நடிகர்கள், சாமான்கள் ஒரே பெட்டியில். யார் கூப்பிட்டாலும் அவர்கள் வீட்டு வரவேற்பறையில் நாடகம்! செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்த ஆங்கில நாடகாசிரியர் டாம் ஸ்டாப்பர்ட் இதைக் கேள்விப்பட்டு ஒரு நாடகமே எழுதினார்.

அதற்கு முன்பே 1975 நவம்பர் 1 அன்று, பிராக் ஓரத்தில் ஒரு மதுவிடுதிக் கூடத்தில் தடைசெய்யப்பட்ட ஆசிரியர் ஒருவரின் நாடகம் ஒரே ஒரு முறை நடந்தது. பிறகு பார்த்தவர்களுக்கும் நடித்தவர்களுக்கும் போலீஸ் விசாரணை, வேலையிழப்பு. அந்த ஆசிரியர் பெயர் வாத்ஸ்லாவ் ஹாவெல்!

15. செட் சுமந்தவர் ஜனாதிபதி ஆனார்!

வசதியான குடும்பத்தில் பிறந்தார் என்பதற்காகவே கம்யூனிஸ்ட் ஆட்சி ஹாவெலுக்கு அவர் விரும்பிய உயர்கல்வியை மறுத்தது. 1959-ல் பிராகின் ஏபிசி அரங்கில் திரைக்குப் பின்னால் செட் மாற்றும் தொழிலாளியாகச் சேர்ந்தார். அங்கேதான் நாடகம் கற்றார். 1963-ல் நா ஸாப்ராட்லி அரங்கில் அவருடைய 'தோட்ட விருந்து' அரங்கேறியது. பிறகு தடை, சிறை, மறுபடி சிறை.

1989 நவம்பர் 17. மாணவர் ஊர்வலம் ஆற்றங்கரையோரமாக வந்து, தேசிய அரங்கு முனையில் திரும்பி, தேசியத் தெருவுக்குள் நுழைந்தது. போலீஸ் வழிமறித்து அடித்தது. மறுநாளே நடிகர்கள் வேலைநிறுத்தம்! டிக்கெட் வாங்கி வந்தவர்களுக்கு நாடகம் இல்லை. நடிகர்கள் மேடைக்கு வந்து அறிக்கை வாசித்தார்கள், பார்வையாளர்களோடு நேருக்கு நேர் பேசினார்கள். நாடெங்கும் அரங்குகள் ஊர்க் கூட்டங்களாகிவிட்டன. நவம்பர் 19 அன்று 'குடிமக்கள் மன்றம்' பிறந்தது ஒரு நாடக அரங்கில்! போராட்டத் தலைமையகம் லட்டெர்னா மாஜிகா அரங்கு. அடுத்து நடக்கவிருந்த நாடகத்தின் செட் அப்படியே நிற்க, அதன் முன்னால் உட்கார்ந்து ஹாவெல் நிருபர்களைச் சந்தித்தார். நவம்பர் 24 அன்று கம்யூனிஸ்ட் கட்சித் தலைமை விலகிய செய்தி வந்து சேர்ந்ததும் அந்த மேடையில்தான்! டிசம்பர் 29 அன்று ஹாவெல் ஜனாதிபதி. பலகைக் கொட்டகை நின்ற குதிரைச் சந்தையில்தான் அந்தப் புரட்சியின் லட்சக்கணக்கான மக்கள் கூடினார்கள்.

16. நவம்பர் 18-ன் மாயம்!

இதைக் கவனித்தீர்களா? தற்காலிக அரங்கு திறந்தது 1862 நவம்பர் 18. தீக்குப் பின் தேசிய அரங்கு திறந்தது 1883 நவம்பர் 18. நூறாண்டு கழித்துப் புதுப்பித்துத் திறந்தது 1983 நவம்பர் 18. நடிகர்களின் வேலைநிறுத்தம் தொடங்கியது 1989 நவம்பர் 18! ஒரே தேதி, நான்கு திருப்பங்கள்!

17. சட்டென்று சில துணுக்குகள்!

• மோட்சார்ட்டைப் பற்றிய 'அமேடியஸ்' படத்தை மிலோஷ் ஃபோர்மன் எடுத்தபோது, அரங்கக் காட்சிகளை மோட்சார்ட் நின்ற அதே எஸ்டேட்ஸ் அரங்கிலேயே படமாக்கினார்.

• ரோபோ என்ற பெயரை உலகுக்குத் தந்த காரெல் சாப்பெக்கின் நாடகம் 1921 ஜனவரி 25 அன்று பிராக் தேசிய அரங்கில் மேடையேறியது.

• 2005-ல் தொலைக்காட்சி நடத்திய 'மாபெரும் செக் மனிதர்' தேர்வில் முந்தியவர் யாரா சிம்ர்மன். மேடையில் புகழ்பெற்ற கற்பனை மனிதர்! நிஜ மனிதர் இல்லை என்பதால் போட்டியிலிருந்து நீக்கினார்கள்.

• பிராக் மட்டுமா? 1830-ல் பிரஸ்ஸல்ஸில் ஒரு இசைநாடகம் பார்த்து வெளியே வந்த கூட்டம் பெல்ஜியப் புரட்சியைத் தொடங்கியது. 1916-ல் டப்ளின் எழுச்சியில் அபே அரங்கின் நடிகர் ஷான் கானலி துப்பாக்கி ஏந்தி மாண்டார். 1968-ல் வார்சாவில் ஒரு நாடகத்தை நிறுத்தியதற்காக மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள்.

ஏன் பிராகில் மேடையின் சொல் இவ்வளவு தூரம் எடுபட்டது? விடை 1851-ல் வைத்த உண்டியலில் இருக்கிறது. அரசன் கட்டிக் கொடுத்த அரங்கில் மக்கள் விருந்தாளிகள். தாங்கள் காசு போட்டு, எரிந்தபின் மறுபடி காசு போட்டுக் கட்டிய அரங்கில் மக்களே வீட்டுக்காரர்கள். அதனால்தான் 1989-ல் நடிகர்கள் எழுந்து நின்று பேசியபோது ஜனங்கள் நம்பினார்கள், கூடவே நடந்தார்கள். கலைக்கு ஒரு சமூகம் கொடுக்கும் காசு வீண்செலவு என்று யாராவது சொன்னால், அந்த 47 நாள் கணக்கை அவர்களுக்குச் சொல்லுங்கள்!